உனக்காக வைத்திருக்கவில்லை

"அந்த இடத்தை எனக்காக வைத்திருக்க வேண்டாம் மிஸ்" என்றாள். "உனக்காக வைத்திருக்கவில்லை" என்றேன். பேச்சு அவ்வளவுதான். துறை அறை வாசலில், அவள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றபோது பேசியது. எழுதி வைக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், பஸ் தக்கலையைத் தாண்டும்போது, அந்த வாக்கியத்தை மனம் தானாகவே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இடம் என்பது முனைவர் பட்ட ஆய்வுக்கான இடம். 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் என்றால் ஆறு, பேராசிரியர் என்றால் எட்டு. எனக்கு நான்கு. மூன்று பேர் ஏற்கெனவே இருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றுக்கு இவளும், மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும். அவர் பகுதிநேரமாகச் செய்ய விரும்பினார். பள்ளி நிர்வாகத்தின் பின்னால் அலைந்து தடையின்மைச் சான்று வாங்கி வைத்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்னால்தான் உட்காருவார்.

அவள் எங்கள் துறையிலேயே முதுகலை முடித்தவள். குலசேகரம் பக்கம் வீடு, அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கோதையாற்றுப் பாசனத்தின் வரலாற்றைச் செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். "பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் துரைக்கு அணை பக்கத்திலேயே கல்லறை இருக்கிறது மிஸ். கல் சுமந்தவர்களுக்கு என்ன இருக்கிறது?" என்று வகுப்பில் ஒருமுறை கேட்டாள். அணை முடிந்தது 1906இல். அப்போது இந்தக் குமரி மண் திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் வரை தமிழ்நாட்டோடு இல்லை. எனவே அவள் தேடும் கூலிப் பட்டியலும் கடிதங்களும் இருந்தால் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கும். மலையாளக் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும், அங்கே மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்க வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. கிடைக்காவிட்டால் எங்களைப் போன்ற கல்லூரியில் கையிலிருந்துதான் போட வேண்டும். அவள் வீட்டில் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே அந்த ஆசிரியரிடம், "நெட் ரிசல்ட் வரட்டும் சார், பார்க்கலாம்" என்று சொல்லிவைத்தேன். சொன்னபோது அது ஒன்றிரண்டு மாத விஷயம். 2024 ஜூன் 18 அன்று தேர்வு நடந்தது. திருநெல்வேலி போய் எழுதிவிட்டு, இந்தத் தடவை நன்றாக இருந்தது என்று அவள் செய்தி அனுப்பினாள். மறுநாள் இரவு தேர்வையே ரத்து செய்துவிட்டதாக மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு. வினாத்தாள் முன்பே வெளியானதாகக் காட்டிய ஸ்கிரீன்ஷாட் திருத்தப்பட்ட ஒன்று என்று சி.பி.ஐ. விசாரணையில் தெரியவந்ததாகப் பிறகு செய்தி வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் ஆறுதலும் கலந்திருந்தது. காத்திருப்பை நீட்டியது நான் இல்லையே.

வாசலில் நின்று பேசியது ஜூலையில். மலைப்பக்கம் விடாத மழை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலியும் கிடையாது. அன்று காலையில் மழை கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். அப்பாவோடு பால் எடுக்கப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். விரல்களில் காய்ந்துபோயிருந்த பாலை நகத்தால் நெருடி, மெல்லிய தோலாக உரித்துக்கொண்டே பேசினாள். உரித்ததைக் கீழே போடாமல் உள்ளங்கையில் உருட்டி உருட்டிச் சேர்த்தாள். நான் அந்தச் சிறு உருண்டையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவள் சொன்னதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. என் பேரைச் சொல்லி இன்னொருவரைக் காக்க வைக்காதீர்கள், எனக்குக் கிடைக்காவிட்டால் அந்தப் பழி வேறு என் தலையில் விழும் என்பதுதான். ரிசல்ட் எப்போது என்றே தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாரமாவது இல்லாமல் போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். பல நாள் என் பதில் இதுதான், இதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் துறை அறிக்கையில் ஜே.ஆர்.எஃப். ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று ஒரு பத்தி உண்டு. பல ஆண்டுகளாக அதில் 'இல்லை' என்றே எழுதி வருகிறோம். எழுதுபவள் நான். உதவித்தொகையோடு வேறு யாராவது வந்து நின்றிருந்தால் இடத்தைக் கொடுத்திருக்க மாட்டேனா? கொடுத்திருப்பேன் என்றால், உனக்காக இல்லை என்றது அப்பட்டமான உண்மை. உண்மையைத்தான் சொன்னேன் என்று நினைத்தால் நிம்மதி வர வேண்டும். எனக்கு வரவில்லை.

இதைவிட உறுத்துவது வேறொன்று. ஆகஸ்டில் அந்த ஆசிரியர் வந்து, "அந்தப் பிள்ளைக்காகத்தானே வைத்திருக்கிறீர்கள் மேடம். நல்லது, கிடைக்கட்டும்" என்றார். அவரிடம் நான் மறுக்கவில்லை. தலையைக்கூட ஆட்டியிருப்பேன். அவளிடம் ஒன்று, அவரிடம் வேறொன்று. இரண்டு இடத்திலும் நல்லவளாகத்தான் நின்றேன்.

மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை, இம்முறை கணினியில். விடைக்குறிப்பு வந்ததும் ஒரு கேள்வியோடு வந்தாள். குறிப்பில் இருந்த விடை தவறு என்பது அவள் வாதம். முறையிடக் கேள்விக்கு 200 ரூபாய், திரும்பி வராத பணம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு விடைக்கும் இடம் இருந்தது. "கட்டிவிடு" என்றேன். இடத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று பேசியிருக்கலாம். ஆனால் பதற்றத்தோடு நிற்பவளிடம் பழைய பேச்சை எடுப்பது என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தானே?

அக்டோபர் 17 அன்று ரிசல்ட். "நெட் இருக்கிறது மிஸ், ஜே.ஆர்.எஃப். இல்லை" என்று இரவில் செய்தி வந்தது. இடம் அப்படியே இருக்கிறது, வந்து சேர், பணத்துக்கு வழி பார்ப்போம் என்று பதில் அனுப்பினேன். என்ன வழி என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொல்வதாக எழுதினாள். நவம்பரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உதவித்தொகை இல்லாததால் வரவில்லையா, நான் வாசலில் சொன்னதை எடைபோட்டுப் பார்த்து வரவில்லையா என்பதை அவளிடம் கேட்கவில்லை. பணம்தான் காரணம் என்று நினைப்பது எனக்கு வசதி. உண்மையும் அதுவாக இருக்கலாம்.

அந்த ஆசிரியரின் பள்ளியில் அதற்குள் நிர்வாகம் மாறியிருந்தது. புதியவர்கள் சான்றைத் திரும்ப முதலிலிருந்து கேட்டு வாங்கச் சொன்னார்கள். நான்காவது இடத்தில் இந்த இருவரும் அல்லாத ஒருவர் சேர்ந்தார். கெட்டிக்காரர், ஒழுங்காக வேலை செய்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து மேசை சக ஆசிரியை, "நீ சொன்னதில் என்ன தப்பு? யாருக்கும் நீ வாக்குக் கொடுக்கவில்லையே" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வாக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டதுதானே இங்கே பேச்சு. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டு அந்த இடமும் இல்லாமல் போயிருந்தால், அதற்கும் இதே மேசையில்தான் விசாரணை நடந்திருக்கும்.

என்னிடம் உள்ளவர்களில் ஒருவர் அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். ஓர் இடம் காலியாகும். எப்படியோ கேள்விப்பட்டு அந்த ஆசிரியர் அழைத்தார். புதிய சான்று வாங்கிவிட்டாராம். "யாருக்காவது வைத்திருக்கிறீர்களா மேடம்?" என்று கேட்டார். "இல்லை சார், விண்ணப்பம் போடுங்கள்" என்றேன். அன்று மாலையே அவளுக்கும் செய்தி அனுப்பினேன். விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை எழுதினேன். கோதையாற்றுத் தலைப்பை விட்டுவிடாதே என்றும் எழுதினேன். இருப்பது ஓர் இடம்தான் என்பதை இருவரிடமும் சொல்லவில்லை.