வாங்க வந்தவர்கள் கேட்ட 12,000 டாலர்

டெக்சாஸில் டல்லாஸ் பக்கம், இர்விங்கில் ஒன்பது வருடம் குடியிருந்த வீட்டை விற்கக் கிளம்பினோம். விலை 4,00,000 டாலர். மூன்றாவது வாரம்தான் முதல் ஆள் வந்தது, ஓர் இளம் தம்பதி. 3,95,000-க்குக் கேட்டார்கள். கூடவே, அவர்களுடைய க்ளோசிங் செலவுக்கு, அதாவது வீடு கைமாறும் அன்று வாங்குபவர் கட்ட வேண்டிய செலவுகளுக்கு, நாங்கள் 12,000 தர வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் அப்பா மனை விற்றபோது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் வாங்கியவர் பாடு. முடியாது என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஏஜென்ட் அம்மா உடனே எழுதவில்லை. மறுநாள் மாலை வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, கடைசி வரியைப் பென்சிலால் சுழித்தார். கமிஷன், டைட்டில் (வீட்டு உரிமைச் சரிபார்ப்பு) செலவு, மீதிக் கடன் எல்லாம் போக எங்கள் கைக்கு வரும் தொகை அது. அந்தத் தம்பதி எஃப்எச்ஏ கடன் (அமெரிக்க அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன்) வாங்குகிறார்கள், முன்பணம் 3.5 சதவீதம். மாதத் தவணை கட்ட முடியும். ஆனால் கடன் கட்டணம், காப்பீடு, சொத்து வரிக்கு முன்கூட்டிக் கட்டுவது என்று ஒரே நாளில் கேட்கும் ரொக்கம்தான் இல்லை. நாங்கள் இதே வீட்டுச் சாவியை வாங்கிய அன்று எங்கள் கணக்கில் மிச்சம் 400 டாலர். அது நினைவுக்கு வந்ததும் கோபம் போய்விட்டது.

நாலு பேர் போட்டி போட்டால் தயங்காமல் மறுத்திருக்கலாம். எங்களுக்கு வந்ததோ ஒரே ஆள், தவணையும் வரியும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தன. அதனால் மறுக்காமல் கணக்கை மாற்றினோம்: விலை முழு 4,00,000, உதவி 12,000. எங்களுக்கு நிற்பது 3,83,000-க்குப் பதில் 3,88,000. விலை ஏறினால் கமிஷனும் கொஞ்சம் ஏறும், சரி. அவர்களுக்கு அந்த 5,000 முப்பது வருடத் தவணையில் கரைந்துவிடும். எஃப்எச்ஏ கடனில் விற்பவர் 6 சதவீதம் வரை தரலாம், நாங்கள் கொடுத்தது 3.

பயமெல்லாம் அப்ரைசல் மேல்தான், அதாவது கடன் தருபவருக்காகச் செய்யும் வீட்டு மதிப்பீடு. மதிப்பீடு 4,00,000-க்குக் குறைந்தால் ஏற்றிய விலை நிற்காது. சமையலறையை மாற்றிய ரசீதுகளையும், அதே தெருவில் விற்ற இரண்டு வீடுகளின் விலையையும் மதிப்பீட்டாளரிடம் கொடுத்தோம். 4,02,000 என்று வந்தது.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் ‘12,000-க்கு மேற்படாமல்’ என்று எழுதியிருந்தோம். க்ளோசிங் கையெழுத்துப் போட்ட அன்று அவர்கள் செலவு 11,640-தான் ஆகியிருந்தது. மீதி 360 டாலர் எங்கள் கணக்கிலேயே நின்றது.