பம்பை நிறுத்தினால்தான் தெரியும்

மூடிப்போன தொழிற்சாலை வளாகத்தில் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் வேலையில், முதல் வருடம் எல்லோரையும் ஏமாற்றிவிடும். பம்ப் ஓட ஓட, நீரில் கலந்த டிரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பானின் அளவு மளமளவென்று இறங்கும். பிறகு வருடக்கணக்கில் அசையாது. பம்பை நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி ஏறும்.

எல்லாம் களிமண் செய்கிற வேலை. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பயன்பட்ட இந்தக் கரைப்பான் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். நீர்மட்டத்தில் நிற்காமல் இறங்கி, களிமண் அடுக்கின் தலையில் தேங்கி, பல வருடங்களாக உள்ளே ஊறும். மேலே மணலில் ஓடும் நீர் தெளிந்ததும், ஊறியது திரும்பக் கசியும். பம்ப் மணலில் உள்ள நீரைத்தான் இழுக்கும். களிமண்ணிடம் அதன் பாச்சா பலிக்காது. ஒரு லிட்டர் கரைப்பான் போதும்: அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவை வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீர் கெடும்.

அதனால் துளையிடும் ஆளுக்குக் களிமண் எங்கே தொடங்குகிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போவதென்றால் வெளிக்குழாயைக் களிமண்ணுக்குள் ஊன்றி, சுற்றிலும் ஊற்றிய கிரவுட் (இடைவெளியை அடைக்கும் குழம்பு) இறுகிய பிறகே சிறிய விட்டத்தில் தொடர வேண்டும். அவசரப்பட்டால் நச்சுக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும்.

மாதிரி எடுப்பதிலும் கை நிதானம் வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லி வரை மெதுவாக இறைத்து, பிஎச்சும் மின்கடத்துதிறனும் நிலைத்த பிறகு 40 மில்லி குப்பியை விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டும்போது குமிழி ஏறினால் அந்தக் குப்பியைத் தள்ளிவிட்டு வேறொன்று எடுப்பதே நல்லது. கரைப்பான் அந்தக் காற்றுக்குள் போய்விடும்; முடிவு உள்ளதைவிடக் குறைவாக வரும்.

சுத்திகரிப்புக் கொட்டகையில் தலைவலி இரும்பு. நிலத்தடியில் நிறமின்றி இருந்த நீர் காற்றுப் பட்டதும் துருநிறமாகி வடிகட்டிகளை அடைக்கும். கரைப்பானை ஒட்டவைத்துப் பிடிக்கும் கரித் தொட்டிகள் இரண்டை வரிசையாக வைத்து, நடுவில் மாதிரி எடுக்க வேண்டும். இந்தக் கரைப்பான் நிலத்தடியில் சிதையும்போது உண்டாகும் வினைல் குளோரைடு கரியில் சரியாக ஒட்டாது என்பதை வடிவமைப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற ஆக்சிஜனேற்றியைச் செலுத்தி மண்ணுக்குள்ளேயே கரைப்பானைச் சிதைக்கலாம். ஆனால் முதலில் அதைத் தின்பது மண்ணில் உள்ள மட்கிய கரிமப்பொருள்தான். அதே இடத்து மண்ணை ஆய்வகத்தில் சோதிக்காமல் போடும் அளவு வெறும் ஊகம். பழைய ஆலைகளில் பிசுக்கு நீக்கும் தொட்டிக்குப் பக்கத்திலேயே குரோம் பூசும் தொட்டியும் இருந்திருக்கும். மண்ணில் அசையாமல் கிடந்த மூவிணைதிற குரோமியத்தைப் பெர்மாங்கனேட் நீரில் கரைந்தோடும் ஆறிணைதிறக் குரோமியமாக்கிவிடும். கிணற்று நீர் ஊதாவாக இருக்கும்வரை கரைப்பான் அளவுக்கு மாதிரி எடுத்தும் பயனில்லை, வினை குப்பிக்குள்ளும் தொடரும்.

நிறம் போன பிறகு பம்பை நிறுத்தி, மூன்று மாதத்துக்கொரு முறை, நீர்மட்டம் உச்சத்துக்கு ஏறும் பருவமும் அடங்கும்படி, குறைந்தது ஒரு வருடம் மாதிரி எடுக்க வேண்டும்.