வாட்ஸப் சிறுத்தை

வனத்துறையில மக்கள் தொடர்பு வேலைன்னா சும்மா புலி போட்டோ போடுத வேலைன்னு எல்லாரும் நெனைக்காவ. களக்காடு முண்டந்துறை 1988லயே புலிகள் காப்பகம் ஆயிட்டு, தமிழ்நாட்டுலயே மொதல்ல வந்தது அதுதான், ஆனா எனக்கு வாற போன்ல முக்காவாசி சிறுத்தையப் பத்திதான். நேத்து ராத்திரி பாவநாசம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி வீடியோ அனுப்பி "சார், எங்க தெருவுல நிக்கி, பாத்தியளா"ங்காரு, பாத்தா பின்னால கடை போர்டு பூரா கன்னடம். ஜூம் பண்ணி அனுப்பினேன், "அப்போ நம்மூரு இல்லயோ"ன்னாரு, அதுக்குள்ள எல்லா குரூப்புக்கும் போயாச்சு.

வதந்தின்னு ஒத்த வரியில மறுத்தா ஒருத்தரும் நம்ப மாட்டாவ, ஏன்னா மலையடிவாரத்துல சிறுத்தை நெசமாவே வரும், நாயையும் ஆட்டையும் தூக்கிட்டு போவும். அதனால ராத்திரி ஆட்டை கொட்டகைக்குள்ள அடைங்க, கோழிக்கழிவ தெருவுல கொட்டாதீய, கூட்டம் கூடி வெரட்டாதீய, ஆடு செத்தா இழப்பீடு கேக்கலாம்னு எல்லாத்தையும் சேத்துதான் எழுதணும்.

பறவைகள் சரணாலயம் இருக்குத கூந்தன்குளத்து ஆளுவளத்தான் கையெடுத்துக் கும்பிடணும், பறவைக்காவ தீவாளிக்கு வெடியே போட மாட்டாவ, நாம போயி நோட்டீஸ் ஒட்டவே வேண்டாம்.

அடுத்து ஆடி அமாவாசை, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு சனம் குவியும், பிளாஸ்டிக் கொண்டு வராதீயன்னு ஆட்டோவுல மைக் கட்டி சொல்லணும், யாரு குரலுன்னுதான் இன்னும் முடிவாவல.