கௌபாய் பாட்டின் நடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் விருந்துகளில் கித்தாரோடு பழைய அமெரிக்க கன்ட்ரி பாட்டு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். தொப்பியும் பூட்ஸும் கச்சிதமாக இருக்கும், ஏக்கம் மட்டும் வராது. அந்த ஏக்கம் குதிரை நடக்கிற நடையில் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிவரை கௌபாய்கள் மாடு ஓட்டிய காலம் 1866 வாக்கில் தொடங்கி இருபது ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது, ரயில்பாதை டெக்சஸுக்கே வந்தது, மாட்டை நடத்திப்போக ஆள் தேவைப்படவில்லை. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் கௌபாய்களின் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது 1910-இல். பாடகர்-நடிகர் ஜீன் ஆட்ரி கௌபாயாகத் திரையில் பாடியது 1930களில். பாட்டு ஊரெல்லாம் பரவியபோது அந்தப் பிழைப்பே இல்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயன் வீட்டைக் காலி செய்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரவில் மந்தை மிரளாமலிருக்கக் காவல்காரர்கள் மெதுவாகப் பாடுவார்கள். அதே நிதானத்தைக் கித்தார் மீட்டும் கையில் கொண்டுவாருங்கள். மூன்று தட்டுத் தாளம், நிமிடத்துக்கு 90 முதல் 100 தட்டு போதும். மார்ட்டி ராபின்ஸ் 1959-இல் பாடிய 'எல் பாசோ' கூட மூன்று தட்டுத் தாளம்தான். ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரப் பிடி) பிடித்து, முதல் தட்டுக்கு ஆறாம் கம்பி, அதாவது தடித்த கம்பி, மூன்றாம் ஃபிரெட் (கழுத்திலுள்ள உலோகக் கட்டை). அடுத்த இரண்டு தட்டுக்கும் மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் லேசாக வருடுங்கள். அடுத்த சுற்றில் முதல் தட்டு நான்காம் கம்பிக்கு, ஃபிரெட் பிடிக்காமல். சி கார்டில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து அதே விரலை ஆறாம் கம்பிக்கு மாற்றவேண்டும். டி கார்டில் நான்காம் கம்பி, பிறகு ஐந்தாம் கம்பி, இரண்டும் திறந்தபடி. இரண்டாம் மூன்றாம் தட்டுகள் முதல் தட்டின் பேஸ் (தடித்த கம்பி) அளவுக்கு ஓங்கினால் நடை போய்விடும், டப்டப்பென்று அடிப்பதுதான் கேட்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ்மேல் வைத்தால் பேஸ் அடங்கி ஒலிக்கும்.

இரண்டு தட்டுப் பாட்டுக்கு டிரம்ஸ் ஆள் கிடைக்காவிட்டால், கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் செய்ததுபோல மடித்த காகிதத்தைக் கம்பிகளுக்கிடையே கோத்துவிடுங்கள். ஸ்னேர் டிரம் மாதிரி உரசும்.

இனி பெடல் ஸ்டீல், மிதியை அழுத்திச் சுரத்தை வழுக்கவைக்கும் கித்தார். அந்த அழுகைதான் கேட்கிறவர்களை உருக்குவது, நம் ஊரில் அந்த வாத்தியம் கிடைப்பது அரிது. எலக்ட்ரிக் கித்தாரில் முதல், இரண்டாம் கம்பிகளை எட்டாம் ஃபிரெட்டில் அழுத்துங்கள். மூன்றாம் கம்பியை ஏழாம் ஃபிரெட்டில் பிடித்து மூன்றையும் மீட்டி, மூன்றாவதை மட்டும் ஒரு முழுச் சுரம் மேலே இழுங்கள். சி கார்டு தானாக மலரும். இழுக்கும்போது மற்ற இரண்டும் அசையக்கூடாது. மீட்டியபின் சுண்டுவிரலால் வால்யூம் குமிழை மெல்லத் திறந்தால் மீட்டிய சத்தம் மறைந்து சுரம் மட்டும் வரும்.

இதை அகூஸ்டிக்கில் முயன்று பலர் விரலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். வழக்கமான 12 கேஜ் (கம்பியின் தடிமன்) செட்டில் மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பி, அவ்வளவு வளையாது. எலக்ட்ரிக்கின் 10 கேஜ் செட்டில் அது வெறும் கம்பி. அகூஸ்டிக்தான் கையில் இருக்கிறது என்றால் ஏழிலிருந்து ஒன்பதாம் ஃபிரெட்டுக்கு வழுக்கிப் போங்கள்.