சால்டர் கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

மின்னணுப் பலகைகளைப் பழுது பார்க்கத் தொடங்குவோர் சூடாக்கும் கருவியான சால்டரிங் அயனைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் யோசித்துவிட்டு, உருகி உறுப்புகளைப் பலகையோடு இணைக்கும் சால்டர் கம்பியை மட்டும் கிடைத்தபடி வாங்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கைவேலைக்கு நான் விரும்புவது 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த கம்பி. அது 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி, அதே வெப்பநிலையில் இறுகிவிடும். 60-க்கு 40 என்ற கலவையோ முழுவதும் உருக ஏறத்தாழ 190 டிகிரி ஆவதால், இடையில் சற்று நேரம் கூழ்போல நிற்கிறது. அந்நேரத்தில் உறுப்பு அசைந்தால் இணைப்பு மங்கலாகி, பின்னாளில் விரிசல் விடக்கூடும். கை சிறிது நடுங்குபவர்களுக்கு இவ்வேறுபாடு பெரிது.

காரீயமில்லாக் கலவைகள் பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேலேதான் உருகும். ஆயினும் அத்தகைய கலவையால் உறுப்புகளை இணைத்த பலகையைப் பழுது பார்க்கையில் அதையே பயன்படுத்துவது நல்லது.

தடிமனில், பலகையின் துளைகளில் கால்களைச் செருகும் துளைவழி உறுப்புகளுக்கு 0.8 மில்லிமீட்டரும், பலகையின் மேலேயே பொருத்தும் நுண்ணிய பரப்பு உறுப்புகளுக்கு 0.5 மில்லிமீட்டரும் போதும்.

கம்பியின் உள்ளீடாக ரோசின் ஃபிளக்ஸ், அதாவது உலோகப் பரப்பைத் துப்புரவாக்கிச் சால்டர் நன்கு பற்ற உதவும் மரப்பிசின் பொருள், இருக்க வேண்டும். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் கொண்ட கம்பியைப் பலகையருகே கொண்டுவரவே கூடாது. அதன் எச்சம் செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடும்.

எழும் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸினுடையதே என்றாலும் அது நுரையீரலை உறுத்தும். காரீயமோ பெரும்பாலும் கையில் ஒட்டி, வாய்வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதால், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே உண்ண வேண்டும்.