ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் அப்படியே

உடம்பெங்கும் நாள்பட்ட வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமையால்ஜியாவைக் (சுருக்கமாக ஃபைப்ரோ) காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. எக்ஸ்ரேயிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அது தெரியாது. இது தெரியாமல் ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு அலைந்தே பலருக்கு வருடங்கள் கரைந்துவிடுகின்றன. கடைசியில் யாராவது, "எல்லாம் நார்மல், அப்போ ஃபைப்ரோவா இருக்கும்" என்று சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு எதிலும் சேராத வலியைப் போட்டுவைக்கும் பெட்டி அல்ல இந்த நோய். இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் பழைய கணக்கு. 1990-இல் அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரி (மூட்டு, தசை நோய் மருத்துவர்களின் சங்கம்) வகுத்த முறைப்படி, உடம்பில் 18 இடங்களைச் சுமார் 4 கிலோ அழுத்தத்தில் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். பரவலான வலியோடு இவற்றில் 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோ. விரலின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், நோயாளியின் வலியும் நாளுக்கு நாள் மாறும். அதனால் 2010-இல் வந்த புதிய முறை இந்தப் புள்ளிகளையே விட்டுவிட்டது. இன்றைக்கும் யாராவது அமுக்கிப் பார்த்து "9 இடம்தான், உங்களுக்கு இல்லை" என்றால், அவர் பழைய கணக்கில் நிற்கிறார்.

இப்போது புழக்கத்தில் இருப்பது 2016-இல் திருத்தியது. அதில் இரண்டு மதிப்பெண்கள். ஒன்று, கடந்த 7 நாளில் எத்தனை இடத்தில் வலித்தது என்பது. மொத்தம் 19 இடங்கள்: தாடை, தோள், மேல்கை, முன்கை, இடுப்பின் பக்கவாட்டு, தொடை, கெண்டைக்கால் ஆகியவை இடம் வலம் என இரண்டிரண்டு; கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, நெஞ்சு, வயிறு ஒவ்வொன்று. இரண்டாவது, தீவிரத்துக்கான 12 மதிப்பெண். அசதி, தூங்கி எழுந்தும் களைப்புத் தீராமை, ஞாபகமும் கவனமும் மங்குவது, இந்த மூன்றுக்கும் தலா 0 முதல் 3. கடந்த 6 மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1. வலி இடங்கள் 7, தீவிரம் 5 என்ற அளவை எட்ட வேண்டும். அல்லது இடங்கள் 4 முதல் 6, தீவிரம் 9. இரண்டில் எதுவானாலும் 3 மாதமாவது ஏறக்குறைய அதே அளவில் நீடித்திருக்க வேண்டும். "எல்லாம் மனசுதான்" என்று தள்ளிவிடுபவர்களுக்கு ஒரு தகவல்: 12-இல் மனச்சோர்வுக்கு உள்ளது 1 மதிப்பெண்தான்.

பலர் தவறவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. உடம்பை ஐந்து பகுதியாகப் பிரித்து (இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடுத்தண்டு) அதில் நான்கிலாவது வலி இருக்க வேண்டும். தாடை, நெஞ்சு, வயிற்று வலி இதில் சேராது. கழுத்து, மேல்முதுகு, இரு தோள், இரு மேல்கை, ஒரு முன்கை வலிக்கிறது என்று வையுங்கள். எண்ணினால் 7 வருகிறது. ஆனால் பகுதிகள் மூன்றுதான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இது ஃபைப்ரோ கணக்கில் வராது. முதலில் பார்க்க வேண்டியது கழுத்தெலும்பையும் தோள்மூட்டையும்.

பரிசோதனைகள் எதற்கு என்றால், இதே மாதிரி வலிக்கும் மற்ற நோய்களைப் பிடிக்க. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சியைக் காட்டுபவை), டி.எஸ்.எச். (தைராய்டு), சி.கே. (தசைப் பாதிப்பு), சர்க்கரை, கால்சியம், வைட்டமின் டி, பி12 இவ்வளவு போதும் பெரும்பாலானவர்களுக்கு. ஏ.என்.ஏ. டெஸ்டை (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களைத் தேடுவது) மட்டும் சும்மா எடுக்காதீர்கள். ரத்த மாதிரியை 1:80 என்று நீர்த்துப் பார்க்கும்போது ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு பாசிட்டிவ் வரும். வாய்ப்புண், வெயில் பட்டால் தடிப்பு, குளிரில் விரல் வெளுப்பது, கண்ணும் வாயும் வறள்வது என்று ஏதாவது இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

ரிப்போர்ட்டைக் கெடுக்கும் விஷயங்களும் உண்டு. முடிக்காக பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவருக்கு, சில லேப் கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டுக் குறைபாடு மறைந்துபோகும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்தாலோ தசையில் ஊசி போட்டிருந்தாலோ சி.கே. ஏறும். வலிக்கு யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஈ.எஸ்.ஆரையும் சி.ஆர்.பி.யையும் இறக்கிவிடும். எந்த மாத்திரையானாலும் அட்டையோடு எடுத்துப் போங்கள். கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேட்டினே தசைவலிக்குக் காரணமாக இருக்கலாம், சி.கே. நார்மலாக இருந்தாலும்கூட. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

குழப்பும் நோய்களில் மூன்று அதிகம் தவறிப்போகின்றன. 50 வயதுக்கு மேல், சில வாரங்களுக்குள் இரு தோளும் இடுப்பும் இறுகி, காலையில் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது என்றால் பாலிமையால்ஜியா ருமாட்டிகாவைப் பார்க்க வேண்டும். பெயர்தான் ஒலியில் ஒட்டும், நோய் வேறு. அதற்கு ஸ்டீராய்டு சட்டென்று கேட்கும், ஃபைப்ரோவுக்குக் கேட்காது. அதோடு புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல், மெல்லும்போது தாடை வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண் பறிபோகக்கூடிய விஷயம் அது. இரண்டாவது, 45 வயதுக்குள் தொடங்கி, பின்னிரவில் எழுப்பிவிட்டு, நடமாடினால் தணிந்து படுத்தால் கூடும் முதுகுவலி. இது முதுகெலும்பின் அழற்சியாக இருக்கலாம். சி.ஆர்.பி. நார்மல் என்பதற்காக விட்டுவிடக் கூடாது, முதுகுத்தண்டின் அடி இடுப்பெலும்போடு சேரும் (சாக்ரோஇலியாக்) மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். மூன்றாவது, வலியைவிட அசதி முந்தி நிற்பது; கொஞ்சம் வேலை செய்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆளை அடியோடு சாய்த்துவிடும். 6 மாதத்துக்கு மேல் இப்படியென்றால் நாள்பட்ட சோர்வு நோயைக் கருத வேண்டும். ஃபைப்ரோவுக்கு மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சிதான் முக்கிய சிகிச்சை. சோர்வு நோய் உள்ளவர்களை அப்படித் தள்ளினால் இன்னும் விழுந்துவிடுவார்கள்.

ரூமட்டாலஜிஸ்டிடம் போகும்போது கனத்த ஃபைலைவிட ஒரே ஒரு தாள் உதவும். முன்னும் பின்னுமாக இரண்டு உருவம் வரைந்து வலிக்கும் இடங்களை நிழலிடுங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம், குறட்டை, மருந்துகள், இரண்டு வார நாட்குறிப்பு. "உடம்பெல்லாம் வலி" என்று நிறுத்திவிடாதீர்கள். குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், சுருக்சுருக்கென்று குத்தல், மதமதப்பு என்று நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் என்று சொன்னால் மருத்துவரின் கவனம் நரம்புக்குப் போகும். நரம்பு ஓட்டப் பரிசோதனை பெரிய நரம்புகளைத்தான் அளக்கும். நுண்நரம்புப் பாதிப்பில் அது நார்மலாகவே வரும், தோல் பயாப்ஸி தேவைப்படலாம். விரல் மூட்டு வீங்கிய நாளில் போட்டோ எடுத்து வையுங்கள், சந்திப்பு நாளன்று வீக்கம் வடிந்திருக்கும். "கையில் பலமில்லை" என்றால் வலியால் தூக்க முடியவில்லையா, வலி இல்லாமலேயே தூக்க முடியவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு வேறு பரிசோதனை வரிசை.

ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்பதும் தப்பு. 2016 வரையறையே, வேறு நோய் இருந்தாலும் ஃபைப்ரோ என்ற முடிவு செல்லும் என்கிறது. முடக்குவாதக்காரருக்கு (ருமட்டாய்டு மூட்டுவாதம்) ரத்தத்தில் அழற்சி அடங்கியும் வலி அடங்கவில்லை என்றால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஃபைப்ரோ என்று எழுதியபின் எடை இறங்குவது, காய்ச்சல், மூட்டு வீக்கம், இரவு வியர்வை என்று புதிதாக எது வந்தாலும் அதையும் ஃபைப்ரோ கணக்கில் எழுதவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டை வைத்தே முடிவு செய்யாமல், ரத்தப் பரிசோதனையைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.