கார்த்திகை முகூர்த்தமும் மார்கழி ஓட்டமும்

2024 நவம்பர் 18, திங்கள்

காலை 4.50க்கு மதுரை வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று 1,200 மீட்டர் சொச்சம் வரும். ஆறு சுற்று. முதல் சுற்று முழுக்க இடது குதிகால் குத்தியது, மூன்றாவதில் இளகிவிட்டது.

ஓடி ஓடித்தான் காலைக் கெடுத்துக்கொள்கிறேன் என்பது வீட்டார் கட்சி. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கெடுத்தது கல்யாண மண்டபம். போட்டோ எடுக்க மணமேடையில் செருப்போடு ஏற முடியாது. காலை நாலு மணிக்குப் பெண் அலங்காரத்தில் ஆரம்பித்துப் பந்தி முடியும்வரை கிரானைட் தரையில் வெறுங்கால். பெண்ணும் மாப்பிள்ளையும் நமக்கு நேராக நடந்து வருவார்கள், நாம் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் 70-200 லென்ஸ் மட்டும் ஒன்றரைக் கிலோ. ஓடும்போதாவது எனக்கு ஷூ உண்டு.

சாயங்காலம் அக்கா போன். பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. டிசம்பர் 5, அழகர்கோவிலில், கருப்பசாமி சன்னதிக்கு முன்னால். "தாய்மாமன் மடி வேணும்டா தம்பி. பத்து மணிக்கு ஆசாரி வந்துருவாரு, நீ ஒம்போதுக்கே வந்துரு."

டைரியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்த்திகை 20, வியாழன், நல்ல முகூர்த்தம். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம், ஆனி மாசமே 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாச்சு. "வந்துர்றேன்கா" என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 12 கி.மீ. ட்ராக்கில் 400 மீட்டரை முப்பது தடவை சுற்றுவது செக்குமாட்டு வேலைதான். ஆனால் அங்கேதான் கணக்குப் போட முடிகிறது. முகூர்த்தம் 7.30 - 9.00. எட்டு மணிக்குத் தாலி ஏறினால், எட்டரைக்குக் கேமராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு (தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை, அசிஸ்டென்ட்) பைக்கை எடுக்கலாம். முப்பது கிலோமீட்டர் வருமா? ஒரு மணி நேரம். ஒன்பதரைக்குக் கோயில். பன்னிரண்டு கிலோமீட்டரும் இதே கணக்கு, ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது.

டிசம்பர் 4, புதன்

ரிசப்ஷன் முடிந்து மணி பதினொன்றரை. பேட்டரி ஆறு சார்ஜில். கார்டெல்லாம் பேக்கப் எடுத்து ஃபார்மட் செய்தாச்சு. பாப்பாவுக்குக் கம்மல், அக்காவுக்குச் சேலை, மச்சானுக்கு வேட்டி சட்டை, எல்லாம் தாம்பாளத்தோடு கட்டைப்பையில். மனைவிக்கு இன்று நைட் டூட்டி. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்கு பஸ் ஏறிவிடுவாள். "நீங்க வந்தாப் போதும்" என்று வாட்ஸப்பில் போட்டிருக்கிறாள். அந்த 'போதும்' கொஞ்சம் உறுத்துகிறது.

டிசம்பர் 5, வியாழன், இரவு

மாப்பிள்ளை அழைப்பே 7.50க்குத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தது. முருகன் தெய்வானையைக் கட்டின ஊர் என்பதால் முகூர்த்த நாளில் அந்த ரோட்டில் மண்டபத்துக்கு மண்டபம் பேண்டு செட், காருக்கு இடமில்லை.

தாலி ஏறியது 8.50க்கு. தாலி கட்டுவது மொத்தம் பத்து செகண்ட், மிஞ்சினால் பதினைந்து. ஐயர் கையை உயர்த்தியதும் கெட்டிமேளம். அந்த நொடியில் சுற்றி நிற்கிற முப்பது பேரும் போனைத் தூக்குவார்கள், அட்சதை லென்ஸில் வந்து அடிக்கும், ஓமப்புகையில் ஃபோகஸ் அலையும். அப்பா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் கல்யாணத்துக்கு ஆறு ரோல், ரோலுக்கு 36 படம். தாலிக்கு இரண்டு படம் ஒதுக்குவார். "கையப் பாக்காதடா, பொண்ணு மொகத்தப் பாரு" என்பார். முடிச்சை எல்லாரும் எடுப்பார்கள். முடிச்சு விழும்போது பெண் யாரைத் தேடுகிறாள் என்பதை எடுக்க ஒருத்தர்தான் இருப்பார், அது நாமாக இருக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பெண் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்ற தன் அண்ணனைத் தேடினாள். கிடைத்தது. நல்ல படம்.

ஒன்பதுக்குக் கிளம்பியிருக்கலாம். பெண்ணின் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு குரூப் போட்டோ தம்பி, வயசானவங்க கெளம்புறாங்க." ஒரு குரூப் பதினேழு குரூப் ஆனது. அசிஸ்டென்ட் எடுப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். "அட்வான்ஸ் ஒங்ககிட்டதான குடுத்தோம்?" நியாயம்தானே.

கோரிப்பாளையம் சிக்னலில் இருபது நிமிஷம். கோயில் வாசலில் பைக்கை நிறுத்தும்போது மணி 11.20.

பாப்பா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. காதில் சின்னதாக ரத்தப் பொட்டு. பெரியப்பா பையன் மடியில் வைத்துக் குத்தியாச்சு. அவனும் முறைக்கு மாமன்தான், தப்பே இல்லை. பெரியம்மா மட்டும் விடவில்லை. "அழகரே தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு லேட்டாத்தான்டா வந்தாரு. ஆனா அவருக்கு ரோசம் இருந்துச்சு, ஆத்தோட திரும்பிட்டாரு. நீ கட்டைப்பையத் தூக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கிற."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "பந்தி நடக்குது, சாப்ட்டுட்டுப் போ" என்றாள். வெளியூர் விருந்தாளிக்குச் சொல்கிற குரல். கெடா வெட்டிய சாப்பாடு. என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

ஓடவில்லை. 4,200 படத்தில் 600 ஆகக் கழித்தாச்சு. தூணோரம் நின்ற அண்ணன் படத்தை மட்டும் மூன்று தடவை திறந்து மூடினேன்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி 1. ஆடியும் மார்கழியும் இந்தத் தொழிலுக்கு வருமானம் இல்லாத மாசம். கல்யாணம் கிடையாது, வீடு பால் காய்ச்ச மாட்டார்கள். ஆல்பம் டிசைன், பேலன்ஸுக்கு போன் போடுவது, இரண்டும்தான் வேலை. ஒரு பார்ட்டி ஆவணியிலிருந்து, "ஆல்பம் வரட்டும் தர்றோம்" என்கிறார்கள். பேலன்ஸ் வந்தால்தான் நான் பிரிண்டுக்கே அனுப்ப முடியும். யார் முதலில் என்பதில் நாலு மாசம் ஓடிவிட்டது.

ஆனால் வருஷத்தில் ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக ஓடுகிற மாசமும் இதுதான். அவள் டூட்டி முடிந்து வரும்போது நான் வீட்டில் இருக்கிறேன். இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காபி குடித்தோம். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் உறைய வைத்துக் குதிகாலுக்கு அடியில் உருட்டச் சொன்னாள். உருட்டுகிறேன், கேட்கிறது.

"அக்காவுக்குப் போன் போட்டீங்களா?"

"போடணும்."

டிசம்பர் 29, ஞாயிறு

16 கி.மீ. பனி. ஆரப்பாளையம் பக்கம் வைகைக் கரையோர ரோட்டில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. குதிகால் சத்தமில்லை. வீட்டுக்கு வந்து மேப்பில் பார்த்தேன். சிம்மக்கல்லிலிருந்து அழகர்கோவில் 20 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கோயில் கோட்டைச் சுவர் ஓரமாக மிச்சத்தை ஓடினால் 21.1, அரை மாரத்தான். காசு கட்டி நம்பர் குத்திக்கொண்டு ஓடுகிற பந்தயமெல்லாம் எனக்கு முகூர்த்தத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்கு யார் அனுமதி வேண்டும்?

2025 ஜனவரி 5, ஞாயிறு

4.15க்குக் கிளம்பினேன். ஏ.வி. பாலத்தில் குளிர்காற்று, கீழே வைகையில் ஆகாயத்தாமரையும் கொஞ்சம் தண்ணீரும். கோரிப்பாளையத்தில் சிக்னல் வெறுமனே மின்னிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இருபது நிமிஷம் நின்ற இடத்தை இருபது செகண்டில் தாண்டினேன். தல்லாகுளம் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. சித்திரையில் அழகர் ஆண்டாள் மாலையைச் சூடிக்கொள்கிற இடம். புதூர். மூன்றுமாவடி, அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடக்கிற இடம். அவர் மதுரைக்கு வருகிற வழி முழுக்க மண்டகப்படி மண்டபங்கள். நான் அவருக்கு எதிர்த் திசை. நின்று நின்று வந்தால் யார்தான் நேரத்துக்கு வர முடியும், பாவம்.

கடச்சனேந்தல் தாண்டியதும் தெருவிளக்கு குறைந்து வயல் வாசனை. பதிமூன்றாவது கிலோமீட்டரில் கால் கனத்தது. ஒரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அப்பன்திருப்பதியில் அக்கா வீடு ரோட்டை ஒட்டித்தான். சொல்லவில்லை. தாண்டிப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். தலையில் விளக்குக் கட்டிய ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை.

"யாரு... டேய்! எங்கடா ஓடுற இந்த நேரத்துல?"

"கோயிலுக்குக்கா."

கோலப்பொடிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"காதுகுத்து முடிஞ்சு ஒரு மாசமாச்சுடா."

சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று குடித்தேன்.

"திரும்பி வர்றப்ப பாப்பா முழிச்சிருக்கும். பஸ்ஸுலயே வா, ஓடி வராத. தோசைப் பிரசாதம் வாங்கிட்டு வா."

இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது. கிளம்பினேன்.